கோவிலுக்கு வெள்ளையடித்த கைகள்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை: இலாத்தரன் பெருங்கோவில் நேர்ந்தளிப்பு விழா, நவம்பர் 9)



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 9-ஆம் நாள், உரோமை நகரிலுள்ள ஒரு கட்டடத்துக்காக உலகத் திருஅவை முழுவதும் விழா எடுக்கிறது. புனிதர்களுக்கு விழா எடுப்பது நமக்குப் பழக்கமானது. ஒரு கட்டடத்துக்கு ஏன் விழா என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விடை தேடி உரோமைக்குப் போவதற்கு முன்னால், சத்தியமங்கலம் பக்கத்தில் பவானி ஆற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றாலயத்துக்குப் போய் வருவோம்.

அது ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோவில். நெருக்கி அமர்ந்தால் ஐம்பது பேர் இருக்கலாம். ஊர்த் திருவிழா நெருங்கியது. சுவரெல்லாம் உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் ஓர் அன்பர், முழுச் செலவையும் தாமே ஏற்பதாகவும், ஒப்பந்தக்காரர் ஒருவரை வைத்து நான்கே நாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். நல்ல மனம்தான். ஆனால் அன்பியக் கூட்டத்தில் பெண்கள் ஒரு கருத்தைச் சொன்னார்கள். சுண்ணாம்பும் சாமானும் அவர் வாங்கித் தரட்டும், வேலையை நாமே செய்வோம், அவரும் வந்து ஒரு மட்டையைப் பிடிக்கட்டும் என்றார்கள். அப்படியே முடிவாயிற்று.

சனிக்கிழமை வந்தது. விடியுமுன் மல்லிகை பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் மக்கள் கூடிவிட்டார்கள். இளைஞர்கள் மூங்கில் சாரம் கட்டினார்கள். பிள்ளைகள் உப்புத்தாளை வைத்து ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தார்கள். செலவை ஏற்ற அன்பரும் தம் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். நாங்களும் ஆளுக்கொரு சுரண்டியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனோம்.

சுரண்டச் சுரண்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மேலே மஞ்சள். அதற்கடியில் இளநீலம். அதற்கும் கீழே வெளிறிய பச்சை. அதன்பின் வெள்ளை மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு. எத்தனை பூச்சு என்று ஓர் இளைஞர் எண்ணத் தொடங்கினார். பாதியிலேயே கணக்கு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு பூச்சும் ஒரு திருவிழா. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும் யாரோ சிலர் இதே போல ஒரு சனிக்கிழமை வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பங்கின் பதிவேட்டில் இல்லை.

வேலை நடக்கும்போது ஒரு பாட்டி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதை இந்த மறையுரையின் முடிவில் சொல்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பகுதியின் மறைவரலாறு மிகப் பழையது. இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். 1623-ஆம் ஆண்டு அவர் வடக்கே நடந்து சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் போனார். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சத்தியமங்கலமும் மதுரை மறைத்தளத்தின் ஒரு நிலையமாக ஆகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லெயோனார்டோ சின்னமி என்ற இத்தாலியத் துறவி மைசூர் மறைத்தளத்தைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். தமிழும் கன்னடமும் கலந்து கேட்கும் இந்த மலையடிவாரம், இரண்டு மறைத்தளங்களுக்கும் நடுவே ஒரு வாசற்படியாக இருந்தது.

அந்தக் காலத்து ஆலயம் என்றவுடன் கோபுரத்தையும் மணிக்கூண்டையும் நினைத்துவிடக் கூடாது. மண் சுவர், ஓலையோ புல்லோ வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை, அவ்வளவுதான். ஒரு பெருமழை வந்தால் சுவர் கரையும். ஒரு தீப்பொறி பட்டால் கூரை போகும். ஓர் அருட்பணியாளர் பல நாள் நடைத் தூரம் பரந்துகிடந்த ஊர்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தார். ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் சில முறை வந்தாலே பெரிய காரியம். அவர் இல்லாத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். கூரை மாற்றி, சுவர் பூசி, தரை மெழுகி வைத்தவர்கள் ஊர் மக்கள். சாமி வரும்போது கோவில் கோவிலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை.

பிறகு சோதனைக் காலம் வந்தது. 1773-ஆம் ஆண்டு திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் இந்தப் பகுதிப் பொறுப்பை ஏற்றார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை. அதோடு போர்கள். மைசூரிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் கணவாய்களுக்கு அடியில் இருக்கும் ஊர் சத்தியமங்கலம். யார் படையெடுத்தாலும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். 1790-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திப்பு சுல்தான் கெஜ்ஜலஹட்டி கணவாய் வழியாக இறங்கி வந்தார். கர்னல் பிளாய்டு தலைமையில் இருந்த ஆங்கிலேயப் படையோடு சத்தியமங்கலத்துக்கு அருகே பெரும் போர் நடந்தது. இரு படைகளும் போய்விட்டன. வயலையும் வீட்டையும் இழந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் அவர்களுக்கு அந்த ஆண்டு ஒரே துயரம்தான்.

1850-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் தனித் திருத்தூதுப் பகுதியாயிற்று. 1955-ஆம் ஆண்டு மைசூர் மறைமாவட்டத்திலிருந்து உதகை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. பின்னாளில் கர்தினாலான அந்தோணி படியறை அதன் முதல் ஆயரானார். சத்தியமங்கலம் அந்த மறைமாவட்டத்துக்குள் வந்தது. அதே ஆண்டுதான் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மறைத்தளங்களின் பெயர்கள் மாறின, எல்லைகள் மாறின, அருட்பணியாளர்களின் மொழியும் நாடும் மாறின. ஆனால் திருவிழாவுக்கு முன் ஒரு வாளியையும் ஒரு மட்டையையும் எடுத்துக்கொண்டு வரும் மக்கள் மட்டும் மாறவில்லை. கட்டியவர் பெயர் சில நேரம் கல்வெட்டில் இருக்கும். திறந்துவைத்தவர் பெயர் கட்டாயம் இருக்கும். வெள்ளையடித்தவர் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் அவர்கள் வராமல் போயிருந்தால், கல்வெட்டும் விழுந்திருக்கும்.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதை இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இன்றைக்குக் கடையில் டப்பாவைத் திறந்தால் வண்ணம் தயார். அன்று அப்படி இல்லை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு எடுப்பார்கள். அந்தச் சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிக்கும். பக்கத்தில் பிள்ளைகளை விடமாட்டார்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. நன்றாக ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, பளிச்சென்று தெரியத் துளி நீலம் கலந்து, சுவரை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு அடிப்பார்கள்.

இதில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. அடித்த உடனே சுண்ணாம்பு நீர்த்துக் கிடக்கும். காய்ந்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கி மறுபடியும் கல்லாகிவிடும். காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெறுகிறது. கரியமில வாயுதான் நம் மூச்சிலும் வெளியே வருவது. அப்படியானால், ஒரு கோவிலுக்குள் கூடிச் செபித்து, பாடி, அழுது, பெருமூச்சு விட்ட மக்களின் மூச்சிலும் சிறிதளவு அந்தச் சுவரில் கல்லாகி நிற்கிறது என்று நாம் சொன்னால் அது வெறும் கற்பனை இல்லை.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன் வண்ணத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். பிறகு உப்புப் பூக்கும், பூச்சு கொப்பளித்து உதிரும். எங்கள் சிற்றாலயத்தில் நடந்ததும் அதுதான். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு அடித்தது. உங்கள் ஊர்க் கோவிலும் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய கோவில் என்றால், வண்ணம் வாங்குமுன் விவரம் தெரிந்த கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோவிலைத் தன் கையால் துப்புரவு செய்வது நம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சைவ அன்பர்கள் திருநாவுக்கரசரை நினைக்கும்போது, கையில் உழவாரக் கருவியோடுதான் நினைக்கிறார்கள். கோவில் பிரகாரத்துப் புல்லைச் செதுக்கிய கை அது. இன்றும் விடுமுறை நாட்களில் உழவாரப்பணிக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்வதை நாம் பார்க்கிறோம். பெருமை பேசாமல் புல் செதுக்கும் அந்த அன்பர்களிடம் நாமும் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது உரோமைக்குப் போவோம். கொன்ஸ்தாந்தீன் பேரரசர் கொடுத்த நிலத்தில் எழுந்தது இலாத்தரன் பெருங்கோவில். 324-ஆம் ஆண்டு திருத்தந்தை சில்வெஸ்தர் அதை நேர்ந்தளித்தார். மறைந்து மறைந்து செபித்த கிறிஸ்தவர்கள், கதவைத் திறந்துவைத்துச் செபிக்கத் தொடங்கிய காலத்தின் அடையாளம் அது. உரோமை ஆயராகிய திருத்தந்தையின் ஆலயம் அதுதான், புனித பேதுரு பெருங்கோவில் அல்ல. ஆனால் அதுவும் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. 1308-லும் 1361-லும் தீப்பற்றியது. ஒவ்வொரு முறையும் பழுது பார்த்தார்கள். இன்று நாம் விழா எடுப்பது ஒரே முறை கட்டி முடித்த கோவிலுக்கு அல்ல. திரும்பத் திரும்பப் பழுது பார்க்கப்பட்ட கோவிலுக்கு.

இந்தக் கோவிலைப் பற்றி ஒரு கனவு வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1209-ஆம் ஆண்டு வாக்கில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஒரு கனவு கண்டார். இலாத்தரன் கோவில் சரிந்து விழப்போகிறது. எளிய உடையணிந்த ஒருவர் ஓடிவந்து அதைத் தம் தோளில் தாங்கி நிறுத்துகிறார். அசிசி நகர்ப் பெருங்கோவிலின் சுவரில் அந்தக் காட்சியை ஓவியமாக இன்றும் பார்க்கலாம். தோள் கொடுத்தவர் அசிசி நகர்ப் பிரான்சிசு.

பிரான்சிசு அந்தத் தோளை எங்கே பழக்கினார் தெரியுமா? பெரிய கோவிலில் அல்ல. அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்று ஒரு சிறிய கோவில். பாழடைந்து கிடந்தது. அங்கிருந்த சிலுவையின் முன் செபிக்கும்போது, இடிந்துகொண்டிருக்கும் தம் வீட்டைச் சீர்செய்யுமாறு இயேசு சொல்வதை அவர் கேட்டார். துணி வியாபாரியின் மகன் அல்லவா? முதலில் அவருக்குத் தெரிந்தது பணம்தான். தந்தையின் கடைத் துணியைக் குதிரையில் ஏற்றிப் போய் விற்றார். குதிரையையும் விற்றார். பணத்தைக் கொண்டுவந்து அந்தக் கோவில் அருட்பணியாளரிடம் நீட்டினார். அவர் வாங்க மறுத்துவிட்டார். பின்னால் வரப்போகும் சண்டைக்கு அவர் அஞ்சினார்.

அந்த மறுப்பு ஒரு பெரிய அருளாக மாறியது. பணம் செல்லுபடியாகவில்லை, இனிக் கைதான் மிச்சம். பிரான்சிசு அசிசித் தெருக்களில் போய்க் கல் கேட்டுப் பிச்சையெடுத்தார். கேலி செய்தவர்கள் உண்டு, கல் கொடுத்தவர்களும் உண்டு. தம் தோளிலேயே சுமந்து வந்து கட்டினார். சான் தமியானோவுக்குப் பிறகு இன்னொரு கோவில், அதற்குப் பிறகு போர்சியுங்குலா என்ற சின்னஞ்சிறு மாதா கோவில். தம்மிடம் கேட்கப்பட்டது கல் கட்டடத்தைவிடப் பெரியது, திருஅவை முழுவதையும் புதுப்பிப்பது என்பது அவருக்குப் போகப்போகத்தான் விளங்கியது. சில நேரம் நாம் இதை அவருடைய தவறான புரிதல் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அது தவறு அல்ல என்று நாம் நினைக்கிறோம். சின்னக் கோவிலுக்குக் கல் சுமக்காதவர் பெரிய கோவிலுக்குத் தோள் கொடுக்க முடியாது.

அன்பார்ந்தவர்களே, இந்த இடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய நற்செய்தியில் இயேசு எருசலேம் கோவிலுக்குள் வருகிறார். நாற்பத்தாறு ஆண்டுகளாகக் கட்டப்பட்ட அழகான கோவில் அது. அவர் சுவரைப் பார்த்து வியக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். சாட்டையை எடுத்தார். வேறோர் இடத்தில் அவர் வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றிப் பேசுகிறார். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே எலும்பு என்கிறார். வெள்ளையடிக்கும் நமக்கு இது நேராக வந்து விழும் சொல்.

நம் தமிழகத் திருஅவையின் வெள்ளைச் சுவர்களுக்குள் இருந்த எலும்பு எது? சாதிதான். இதை மூடிமறைத்துப் பேசுவதில் பயனில்லை. நொபிலி அடிகளார் பிராமணத் துறவியரைப் போல வாழ்ந்தார். 1640-ஆம் ஆண்டு முதல் பல்தசார் தா கோஸ்தா போன்ற துறவியர் பண்டாரசாமிகளாக மற்ற சாதி மக்களிடையே பணியாற்றினார்கள். நற்செய்தியை எல்லாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தக் காலத்தில் அவர்கள் கண்ட வழி அது. தங்கள் உயிரையே கொடுத்து உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் தெருவில் இருந்த பிரிவு கோவிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1872-ஆம் ஆண்டு எழுந்த ஆலயத்தைக் கால்சட்டைக் கோவில் என்பார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு கூடங்கள். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ஒரே திருப்பலி, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கும்பிட நடுவில் தடுப்பு. 1910-ஆம் ஆண்டு அந்தத் தடுப்பை இடித்தார்கள். எங்களுக்குத் தனியிடம் உரிமை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அப்படி ஓர் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ஆம் ஆண்டு நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்த குடும்பம், அரண்மனை உத்தியோகம். மனம் மாறிய பிறகு எல்லாச் சாதி மக்களோடும் வேறுபாடின்றிப் பழகினார். அதுவும் அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, அவர் இறந்து நூறாண்டு கழித்தும், ஒரு தடுப்பு நின்றது என்பது நம்மைத் தலைகுனிய வைக்க வேண்டும். அது விழுந்தது என்பது நமக்கு நம்பிக்கை தர வேண்டும். நம் கொங்கு நாட்டில் கால்சட்டைக் கோவில் இல்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். செங்கல் இல்லாமலும் தடுப்பு கட்டலாம். யார் முன் வரிசை, யார் கடைசி வரிசை, தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது, அசனத்தில் யார் பரிமாறுவது என்பதிலெல்லாம் அந்தத் தடுப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

பழுது பார்க்கும் வேலையைப் பற்றி விவிலியத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நெகேமியா நூலின் மூன்றாம் பிரிவு. வாசிக்கச் சலிப்பாக இருக்கும். பெயர், பெயர், பெயராகவே போகும். எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை யார் பழுது பார்த்தார் என்ற கணக்கு அது. பொறுமையாக வாசித்தால் அதில் புதையல் இருக்கிறது. தலைமைக் குருவே முதலில் எழுந்து ஒரு வாயிலைக் கட்டுகிறார். பொற்கொல்லர் கட்டுகிறார். நறுமணத் தைலம் செய்பவர் கட்டுகிறார். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு சேர்ந்து கட்டுகிறார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். தைலம் செய்பவரும் நகை வேலை செய்பவரும் பெண்பிள்ளைகளும் ஒன்றாகச் சுவர் கட்டும் காட்சி அது. சத்தியமங்கலத்துச் சனிக்கிழமைக் காட்சி போலத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு. தெக்கோவா ஊர் மக்கள் வந்து வேலை செய்தார்கள். அவர்களுள் உயர்குடியினர் மட்டும் ஆண்டவரின் வேலைக்குக் குனியவில்லை. ஒரே வரிதான். அவர்கள் பெயரைக்கூட அந்த நூல் சொல்லவில்லை. சுவர் எழுப்பியவர்களின் பெயர்கள் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வாசிக்கப்படுகின்றன. குனிய மறுத்தவர்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி.

இப்போது நம் சிற்றாலயத்துக்குத் திரும்புவோம். மதியம் ஆகிவிட்டது. சுற்றுச் சுவர் முடிந்தது. பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் பாக்கி. காலையிலிருந்து கதவோரம் நின்ற பாட்டியிடம் நாங்கள் போய், உட்காருங்கள் பாட்டி, எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றோம். அவர் உட்காரவில்லை. பீடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“எங்கம்மா இந்தக் கோயலுக்குச் சுண்ணாம்புத் தண்ணி சொமந்துச்சுங்க சாமி. நானுஞ் சொமந்தேனுங்க. வாளிய வாசப்படில வெச்சுப்போட்டு வெளிய நிக்கோணும். உள்ள அடிக்கறது வேற ஆளுங்க. பீடத்துச் செவுத்துல ஒரு கை வெக்கோணும்னு எங்கம்மாளுக்கு ரொம்ப ஆசைங்க. வெச்சதே இல்லீங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது. சாரத்தில் இருந்த இளைஞர்கள் கேட்டுவிட்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. செலவை ஏற்ற அன்பர் கையிலிருந்த மட்டையைத் தண்ணீரில் அலசி, சுண்ணாம்பில் தோய்த்து, பாட்டியிடம் கொண்டுவந்து நீட்டினார். “அம்மா, நீங்க ஆரம்பிச்சு வெய்யுங்க” என்றார். பாட்டி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். எட்டிய உயரத்துக்கு, மேலிருந்து கீழாக மூன்று இழுப்பு இழுத்தார். பிறகு மட்டையை அந்த அன்பரின் சின்ன மகள் கையில் கொடுத்தார். மீதிச் சுவரைப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக அடித்து முடித்தோம்.

எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு தடுப்பு விழுந்தது என்று சொல்ல மாட்டோம். ஒரு சனிக்கிழமையில் விழுந்துவிடும் தடுப்பு இல்லை அது. மறுவாரமும் பாட்டி பழக்கத்தில் கடைசி வரிசையில்தான் போய் அமர்ந்தார். ஆனால் அந்தச் சின்னப் பெண் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இப்படித்தான் பூச்சு பூச்சாக வேலை நடக்கும் போலிருக்கிறது. ஒரே நாளில் தடிமனாக அடித்தால் சுண்ணாம்பு வெடித்துவிடும். மெல்லிதாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடிக்க வேண்டும்.

ஒரு கட்டடத்துக்கு ஏன் விழா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கட்டடம் தானாக நிற்பதில்லை. அது நிற்கிறது என்றால், அதைத் தாங்கிய கைகள் இருந்தன என்று பொருள். நாம் விழா எடுப்பது அந்தக் கைகளுக்கு. நீங்களே கடவுள் எழுப்பும் கட்டடம் என்று திருத்தூதர் பவுல் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியது இதைத்தான். எசேக்கியேல் கண்ட காட்சியில் கோவிலின் வாசற்படிக்குக் கீழிருந்து தண்ணீர் புறப்பட்டு, ஆறாகி, போகுமிடமெல்லாம் உயிர் கொடுக்கிறது. நம் பவானியைப் போல. அந்தத் தண்ணீர் பீடத்தோடு நிற்பதில்லை. வாசற்படியில் வாளியை வைத்துவிட்டு வெளியே நின்றவர்களைத் தேடிப் போகிறது.

அன்பார்ந்த நேயர்களே, மார்கழி வரப்போகிறது. தை பிறக்கும் முன் நம் கொங்கு நாட்டில் வீடு வீடாக வெள்ளையடித்து, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவோம். பொங்கல் நேரத்தில்தான் புனித தேவசகாயத்தின் நினைவுநாளும் வருகிறது. வீட்டுக்கு வாங்கும் சுண்ணாம்பில் ஒரு வாளியைக் கோவிலுக்கு எடுத்து வையுங்கள். உங்கள் கிளைக் கோவிலில் சாரம் கட்டும் நாளில், பணம் கொடுத்தவரும் வரட்டும், கொடுக்க முடியாதவரும் வரட்டும். இத்தனை காலம் வெளியே நின்றவர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மட்டையை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

செபிப்போம். எங்கள் முன்னோர் கையால் உமது இல்லத்தைக் காத்த இறைவா, பெயர் தெரியாத அந்தக் கைகளுக்காக உமக்கு நன்றி. எங்கள் சுவர்களை மட்டுமல்ல, எங்கள் உள்ளங்களையும் தூய்மையாக்கும். எங்களுக்குள் நாங்களே எழுப்பிய தடுப்புகளை இடிக்கும் துணிவைத் தாரும். உமது வேலைக்குக் குனியும் மனத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.